வடக்கிலும் தெற்கிலும் ஒரே கருவியால் பிள்ளைகளின் மூச்சை அளந்து பாருங்கள்: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை, கல்வித் துறை அலுவலர்களுக்கும், வட சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வட சென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு நான் பி.டி. சார். மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்கிறார்கள், நான் ஓடவிட்டுப் பார்க்கிறேன். யாருக்கு எத்தனையாவது சுற்றில் மூச்சு வாங்கும், யார் ஓடி முடித்துவிட்டுத் தோளைத் தூக்கித் தூக்கி இறக்குவான், யாருடைய நெஞ்சிலிருந்து விசில் மாதிரி சத்தம் வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் எல்லோருடைய மூச்சின் வலுவையும் வருடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் மட்டும் அளந்தால் போதாது. அடையாறிலும் தேனாம்பேட்டையிலும் பெருங்குடியிலும் அதே கருவியால் அளக்க வேண்டும். வந்த அளவுகளை, எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லாமல், மண்டலவாரியாக வெளியிட வேண்டும். குறைவாக ஊதும் பிள்ளைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடர்ந்து மருந்து கிடைக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

வியாசர்பாடியும் புளியந்தோப்பும் கால்பந்துக்குப் பேர்போன இடங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியிலும் பையன்களுக்கு உயிர் அதுதான். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பந்து அவன் காலுக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு லாவகம். ஆனால் டீம் பிரிக்கும்போதெல்லாம் அவனே முந்திக்கொண்டு, "நான் கோல்ல நிக்கறேன் சார்" என்பான். கீப்பர் ஆசை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒருநாள் ஆள் குறைந்து முன்னால் ஆடவிட்டபோது, பத்து நிமிடத்தில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டான். கழுத்து எலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. உதடு வெளுத்திருந்தது. கேட்டால், "ஒண்ணும் இல்ல சார், வீசிங்" என்றான். சளி பிடித்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாக.

எங்கள் பக்கம் வீசிங் என்பது அவ்வளவு சாதாரணம். லீவ் லெட்டரில் காய்ச்சலுக்கு அடுத்தபடி அதிகம் வரும் வார்த்தை அதுதான். மார்கழி, தை மாதங்களில் காலைப் பிரேயரில் ஒரு மூலையில் தொடங்கும் இருமல் வரிசை வரிசையாகப் போய் இன்னொரு மூலையில் முடியும். இரவெல்லாம் தூங்காத பிள்ளை முதல் பீரியடிலேயே மேசையில் தலை சாய்க்கும். "படிப்பில் கவனம் இல்லை" என்று ரேங்க் கார்டில் எழுதப்படும்.

அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்து அறை, அதில் ஐந்து பேர். கால்வாய்ப் பக்கச் சுவரில் தோள் உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு உப்பிக்கொண்டு, கீழே கறுப்புக் கறுப்பாகப் பூசணம். கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் சிலிண்டர் மாதக் கடைசி வரை வர வேண்டுமே என்று குளிக்கத் தண்ணீர் வாசலில் விறகில்தான் காய்கிறது. விறகென்றால் மரவிறகு இல்லை, யார்டிலிருந்து வரும் பேக்கிங் கட்டையும் உடைந்த பிளைவுட்டும். கால்வாய்க் கொசுவுக்காக இரவில் கதவைச் சாத்தி, கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள். அப்பா கன்டெய்னர் யார்டில் லோடுமேன். அம்மா அண்ணா நகரில் மூன்று வீட்டில் வேலை பார்க்கிறார். பெரிய அண்ணனுக்கு ஒரு வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய், வந்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டிருக்கிறான்.

அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நைட்டு ஒரு மணி, ரெண்டு மணிக்கு இழுக்க ஆரம்பிக்கும் சார். ஆட்டோ புடிச்சுக் கொண்டுபோய் கேஸ் வெச்சா நின்னுடும். காலைல நான் வேலைக்குப் போக முடியாது. அந்த வீட்ல ஒரு நாள் கட் பண்ணிடுவாங்க. டாக்டர் தினமும் அடிக்கச் சொல்லி ஒரு பஃப் குடுத்தார். ஒண்ணு வாங்குனோம். முடிஞ்சுது. அப்புறம் புள்ள நல்லாதானே இருக்குன்னு விட்டுட்டோம். அது பழகிடும்னு வேற சொல்றாங்க."

இந்தச் சில வரிகளுக்குள் எல்லாம் இருக்கிறது. அந்த அம்மா கேஸ் என்றது நெபுலைசரை, மருந்தைப் புகைமாதிரி ஆக்கி மூக்கில் வைப்பது. அது மூச்சை அந்த இரவுக்குத் திறந்துவிடும், அவ்வளவுதான். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் அழற்சி அப்படியே இருக்கும். அதை அடக்குவது தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர். அது பழக்கமாகிவிடும் என்பது வெறும் பயம். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை வைத்து அடித்தால் சின்னக் குழந்தைக்கும் மருந்து ஒழுங்காக உள்ளே போகும். ஆனால் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் காசு போட்டு மருந்து வாங்குவது, அன்றாடம் கூலி பார்த்துச் செலவு செய்யும் வீட்டில் நடக்கிற காரியமா? இழுக்கும்போது கடன் வாங்கியாவது ஆட்டோ ஏறிவிடுவார்கள். இழுக்காத மாதத்துக்கு யார் கடன் கொடுப்பார்கள்? வறுமை பிள்ளையின் நுரையீரலுக்குள் நுழையும் வழிகளில் இது முக்கியமானது என்று நினைக்கிறேன். யாரும் இதைப் புகை என்று எண்ணுவதில்லை.

மற்ற வழிகளும் உங்களுக்குத் தெரிந்தவைதான். தாய்க்கு ரத்தசோகை இருந்து குழந்தை எடை குறைவாகப் பிறந்தால் நுரையீரலும் சின்னதாகவே தொடங்குகிறது. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தால் ஒருவர் சளி ஐவருக்கும் வரும். முதல் இரண்டு வயதுக்குள் திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி வந்த பிள்ளைக்கு அந்தத் தடம் பெரியவனான பின்னும் இருக்கும். ஈரச் சுவரின் பூசணம் இழுப்பைத் தூண்டும். கொசுவத்தியைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் அதிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கணக்குப் போட்டது. சாத்திய கதவுக்குள், எட்டு மணி நேரம், தரையில் படுத்திருக்கும் குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில்.

இதைச் சொன்னவுடன் வழக்கமாக ஒரு பதில் வரும். "அப்போ கொசுவத்தி கொளுத்தாதீங்க, விறகு எரிக்காதீங்க, வீட்டைச் சுத்தமா வெச்சுக்கோங்கன்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க." விழிப்புணர்வு முகாம் போடலாம், நோட்டீஸ் கொடுக்கலாம். அந்த அம்மாவுக்கு இதில் எது தெரியாது? கொசுவத்தியை அணைத்தால் டெங்கு பயம். ஜன்னலைத் திறந்தால் கொசுவோடு லாரிப் புகையும் நிலக்கரித் தூசும் வரும். வேறு வீடு பார்க்கலாம் என்றால் அட்வான்ஸ். காற்று கெட்ட இடத்தில்தான் வாடகை குறைவு, வாடகை குறைந்த இடத்தில்தான் லோடுமேனும் வீட்டு வேலைக்காரரும் குடியிருக்க முடியும். நோட்டீஸ் இந்தக் கணக்கை மாற்றாது.

இன்னொரு பதிலும் உண்டு, அது எங்கள் பக்கத்து ஆட்களே சொல்வது. எல்லாம் புகைபோக்கியால்தான், வீட்டைப் பற்றிப் பேசாதே, பேசினால் கம்பெனிக்காரன் தப்பித்துக்கொள்வான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மணலியை 2009ஆம் ஆண்டிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் அங்கே. வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும், சாம்பல் குளங்களும். அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் விதி போட்டு, இரண்டே வருடத்தில் முடிக்கச் சொன்னார்கள். கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக வடிகட்டியே வேண்டாம் என்றாகி, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் வரை மறுபடி அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2015இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பள்ளியை முடித்தே வெளியே போய்விடும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் நெடி தாங்காமல் மாணவிகள் மயங்கி விழுந்தார்கள், நவம்பரில் பள்ளியைத் திறந்ததும் மறுபடியும் அதே கதை.

ஆக, வெளியே ஆலை, உள்ளே கொசுவத்தி. பெரியவர்கள் நாம் எது காரணம் என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம். பையனின் நெஞ்சுக்கு இரண்டும் ஒரே மூச்சில்தான் போகிறது. அதைவிட முக்கியம், ஒன்று இன்னொன்றைக் கூட்டுகிறது. தெற்குக் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், சாலைப் புகையால் ஆஸ்துமா வரும் வாய்ப்பு எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கூடவில்லை. பெற்றோர் மன அழுத்தத்தில் இருக்கும் வீடுகளில்தான் அதிகமாகக் கூடியது. நாளைக்கு வேலை இருக்குமா, வாடகை கொடுக்க முடியுமா என்ற கவலை ஓடும் வீட்டில் அதே புகை இன்னும் ஆழமாகக் கடிக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களும் சேர்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வு அது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இங்கே நடத்தினார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் குழந்தைகளுக்குக் கடுமையான நிமோனியா வருவது எதிர்பார்த்தபடி குறையவில்லை. அடுப்பை மாற்றுவது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு தாயின் கண்ணெரிச்சல் போவதே பெரிய காரியம். ஆனால் ஒரே ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு நோயைத் தடுத்துவிட்டோம் என்று நம்ப முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

"நம்ம பசங்க உடம்புவாகு அப்படித்தான், ஒல்லி" என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. பெங்களூர் நகரத்துப் பிள்ளைகள், அதைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகள், கிராமத்துப் பிள்ளைகள், லண்டனில் வளரும் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் ஆகிய எல்லோரையும் ஊதவைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் நோயில்லாத பிள்ளைகள். வசதியான நகரத்துப் பிள்ளைகளின் நுரையீரல் லண்டன் பிள்ளைகளுக்கு ஈடாக இருந்தது. சிற்றூர்ப் பிள்ளைகள் பின்தங்கினார்கள், கிராமத்து ஏழைப் பிள்ளைகள் அதற்கும் பின்னால். வம்சம் ஒன்றுதான், வளர்ந்த நிலைமைதான் வேறு. அந்த ஆய்வில் பெங்களூர் இருக்கிறது. எங்கள் கொருக்குப்பேட்டை இல்லை. இருந்திருந்தால் எந்த வரிசையில் நின்றிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அவசரம் ஏன் என்றால், நுரையீரலுக்கு ஒரு கெடு இருக்கிறது. பிறக்கும்போது குழந்தைக்கு இருக்கும் காற்று நுண்ணறைகள், பெரியவர்களுக்கு இருப்பதில் ஒரு சிறு பங்குதான். மீதி பிறந்த பின்தான் வளர்கிறது. உயரம் கூடக்கூட நுரையீரலும் பெருத்து, இருபது, இருபத்தைந்து வயதை ஒட்டி உச்சத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் மெல்ல மெல்ல இறங்குமுகம். பள்ளிக்கூட வயதில் சேர்க்காததைப் பின்னால் சேர்க்க வழியில்லை. உச்சமே குறைவாக இருப்பவனுக்கு, நாற்பது வயதில் மூட்டை தூக்கும்போது மூச்சு முட்டும். நம் பகுதியில் பாதி வேலைகள் உடம்பை வைத்துச் செய்யும் வேலைகள். ஆகவே சின்ன நுரையீரல் குறைந்த கூலியாகிறது. குறைந்த கூலி மறுபடி அதே பத்துக்குப் பத்து அறையாகிறது. அவனுக்குப் பிறக்கும் பிள்ளையும் அதே அறையில்தான் மூச்சுவிடத் தொடங்கும்.

இது தலைவிதி இல்லை என்பதற்கும் அளந்து பார்த்த சாட்சி இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவில் 1993 முதல் பன்னிரண்டு ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளை வருடாவருடம் ஊதவைத்தார்கள். முதல் நொடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்பதுதான் அளவு. 10 வயதில் தொடங்கி 18 வயது வரை 1,759 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், நுண்துகள் குறைவாக இருந்த ஊரில் 18 வயதில் நுரையீரல் திறன் குறைந்தவர்கள் 1.6 சதவீதம், அதிகமாக இருந்த ஊரில் 7.9 சதவீதம். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அரசாங்கம் வண்டிப் புகைக்கும் ஆலைப் புகைக்கும் கடிவாளம் போட்டது. அடுத்தடுத்து வந்த பிள்ளைகளை அதே முறையில் அளந்தார்கள். 15 வயதில் திறன் குறைந்தவர்கள் 1990களின் நடுவில் 7.9 சதவீதமாக இருந்தது, 2011ஐ ஒட்டி 3.6 ஆகிவிட்டது. காற்று திருந்தினால் பிள்ளையின் நெஞ்சும் திருந்துகிறது, சுமார் பதினைந்து வருடங்களுக்குள்ளாகவே. அளந்து வைத்திருந்ததால்தான் அவர்களால் இதை நிரூபிக்க முடிந்தது.

லண்டனில் எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். பரபரப்பான ஒரு சாலையை ஒட்டி வீடு. அவள் தாய் விடாமல் போராடி, 2020 டிசம்பரில், அந்தச் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரியை எழுதவைத்தார். அவருக்கு அது முடிந்தது, வீட்டுப் பக்கத்தில் காற்றை அளந்த பதிவு இருந்ததாலும், மருத்துவமனைக் குறிப்புகள் நாள்வாரியாக இருந்ததாலும். எங்கள் பக்கத்துத் தாய்மார்களிடம் கசங்கிய மருந்துச் சீட்டு இருக்கிறது. சில வீட்டில் அதுவும் மழையில் போய்விட்டது.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் இராயபுரத்தில் காயப்போட்ட துணி கறுத்துவிடும், சோற்றில் கரித்தூள் விழும். மக்கள் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. பெரிய வெற்றி. ஆனால் அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. இராயபுரத்துப் பிள்ளைகளின் மூச்சு அதற்குப் பிறகு தேறியதா, எண்ணூர்ப் பிள்ளைகளின் மூச்சு இறங்கியதா? யாரும் பிள்ளைகளை ஊதவைத்துப் பார்க்கவில்லை. எவ்வளவு நல்ல வாய்ப்பு, கைவிட்டுப் போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

சரி, மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் மாநகராட்சி என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். அதனால்தான் அவற்றைப் பற்றி உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், குப்பைக் கிடங்கு, தெரு கூட்டுவது, கொசு மருந்து அடிப்பது எல்லாம் ஒரே ரிப்பன் மாளிகைக்குள் இருக்கிறது. பிள்ளையின் நெஞ்சுக்கு இத்தனை பக்கத்தில் இருக்கும் அலுவலகம் தமிழ்நாட்டில் வேறு எது?

இதற்குப் புதுத் திட்டம்கூடத் தேவையில்லை. 18 வயது வரை பிள்ளைகளைப் பள்ளிக்கே வந்து பரிசோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதில் தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் சொத்தைப் பல், தோல் நோய், காதில் சீழ் இவற்றோடு மூச்சுக்குழாய் இறுக்கமும் இருக்கிறது. எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும் அந்தப் பகல் நேரத்தில் இழுப்பு இல்லாத பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். இழுப்பு வருவது நள்ளிரவில் அல்லவா? அதனால் குழுவின் பையில், எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரைப் போட்டு அனுப்புங்கள். கைக்கு அடக்கமான குழாய், மின்சாரம் வேண்டாம், விலையும் பெரிதில்லை. பிள்ளை நிமிர்ந்து நின்று, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதவைத்து அதிகமானதை எழுத வேண்டும். வாய்க்குழாயை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். அளவு குறைந்தவர்களை மட்டும் ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அனுப்பி, நுரையீரல் திறனை விரிவாக அளக்கும் ஸ்பைரோமீட்டரில் சரியாகப் பார்த்துக்கொள்ளலாம். உயரத்தையும் எடையையும் நாங்கள் ஏற்கெனவே அளந்து ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம். ஆசிரியர்கள் தலையில் இன்னொரு வேலையா என்று என் சக ஆசிரியர்களே சலித்துக்கொள்வார்கள். எங்களைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்களிடம் கொடுங்கள், விளையாட்டு பீரியடில் முடித்துவிடுவோம். யார் அதிகம் ஊதுவது என்று பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

அளக்கும்போது வீட்டைப் பற்றியும் நான்கைந்து கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள், சுவரில் ஈரம் உண்டா, விறகு எரிகிறதா, கொசுவத்தி உண்டா, வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா, லாரி போகும் சாலை பக்கமா. ஆனால் ஒரு வேண்டுகோள். இந்தத் தாள் எந்தத் தாயையும் குற்றவாளியாக நிறுத்தப் பயன்படக் கூடாது. ஈரச் சுவர் என்று வந்தால் அது வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டிய பழுதுப் பட்டியல். கொசுவத்தி என்று வந்தால் அது உங்கள் கொசு ஒழிப்புப் பிரிவுக்கும் கால்வாய் தூர்வாருபவர்களுக்கும் போக வேண்டிய புகார். லாரி என்று வந்தால் போக்குவரத்துக் காவல்துறையோடு பேசி, பள்ளி விடும் நேரத்தில் டிரெய்லர்கள் வரிசை கட்டி இன்ஜினை ஓடவிட்டு நிற்காமல் பார்க்க வேண்டியது. ஒரு வீட்டின் வறுமை என்று நாம் சொல்வதில் பாதி, ஏதோ ஒரு அலுவலகம் முடிக்காமல் வைத்திருக்கும் வேலைதான்.

மருந்து விஷயம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறது. எங்கள் தெருவில் பாட்டிகள் அந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியருக்காகக் காத்திருப்பார்கள், அவ்வளவு நம்பிக்கை. அதே கைகளில் பேரனுக்கான தடுப்பு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கொடுத்தனுப்ப என்ன தடை? பஃப் அடிக்கக் கற்றுக்கொடுக்கவும், பழகிடும் என்ற பயத்தைப் போக்கவும் டிவி விளம்பரத்தைவிட அந்த அக்கா சொல்வது எடுபடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு மாலையாவது ஏழு மணி வரை குழந்தைகளுக்கான மூச்சு மருத்துவம் இருந்தால், அம்மாவின் ஒரு நாள் கூலி தப்பும்.

சாப்பாட்டையும் விடக்கூடாது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் என்ன செய்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். பிரேயரில் மயங்கி விழுவது குறைந்திருக்கிறது. சாப்பிட்ட பிள்ளைதான் ஓடுகிறது, வளர்கிறது, நுரையீரலும் அதனோடு வளர்கிறது. எங்களைப் பொறுத்தவரை அது நுரையீரல் திட்டமும்கூட.

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வைக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். 2025இல் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்று சொன்னார்கள். நானும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நகரம் முழுக்கப் போடும் குப்பை, ஏற்கெனவே இத்தனை புகையைக் குடிக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேல் எரிய வேண்டிய நியாயம் எனக்குப் புரியவில்லை. எங்கள் பேச்சை ஏற்காவிட்டாலும், குறைந்தபட்சம் அடிக்கல் நாட்டுவதற்கு முன் அந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் மூச்சை அளந்து பதிவு செய்யுங்கள். நாளைக்குப் புகையால் பாதிப்பு இல்லை என்று சொல்ல உங்களுக்கும், இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கும் அந்த முதல் கணக்கு வேண்டும்.

மணலியிலும் கொடுங்கையூரிலும் இராயபுரத்திலும் காற்றுத் தர அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40. இந்த எண்கள் இணையத்தில் யாரோ பார்ப்பதற்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. பள்ளி வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போட ஏற்பாடு செய்தால், எந்தக் காலையில் பிள்ளைகளை ஓடவிடலாம், எந்தக் காலையில் வகுப்பறைக்குள் கேரம் ஆடவைக்கலாம் என்று முடிவு செய்ய எனக்குக் கைகொடுக்கும். இப்போது வானத்தைப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

அளந்து வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் தாய்மார்கள் இரவு இரண்டு மணிக்கு, பிள்ளையின் விலா எலும்பு உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு, ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நிற்பவர்கள். அவர்களை ஓர் அட்டவணை பயமுறுத்திவிடாது. எண் இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம், மாமன்றத்தில் நீங்களும் கேட்கலாம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் நீதிமன்றத்திடமும் காட்டலாம்.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முன்னோட்டமாக வடக்கில் ஐந்து பள்ளி, தெற்கில் ஐந்து பள்ளி என்று தொடங்கலாம். ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். மீட்டர்களையும் வாய்க்குழாய்களையும் அனுப்பிவைத்து, ஒரு நாள் பயிற்சி கொடுத்தால், எங்கள் பகுதியில் அளந்து கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். வேறு பள்ளிகளில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் சிலரிடமும் பேசியிருக்கிறேன், அவர்களும் வருவார்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கொருக்குப்பேட்டை, வட சென்னை